கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போன மதுரை ஆஸ்பத்திரி: தியேட்டருக்கு முழு மார்க், கவுண்டருக்கு ஃபெயில்

என் அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. பாராட்டும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் வாங்கிச் சமாளிக்கிற தெம்பு எனக்கு இல்லை. எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஏறக்குறைய இதே ஃபாரம், இதே கவுண்டர், இதே டிஸ்சார்ஜ் கூத்துதான் என்பதால் பெயர் இல்லாமலும் யாருக்காவது உதவும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்கு ஐந்துக்கு ஐந்து, மயக்க மருந்து டாக்டருக்கும் நைட் டூட்டி சிஸ்டர்களுக்கும் நான்கரை, இன்ஷூரன்ஸ் கவுண்டருக்கு ஒன்று, அதுவும் அங்கே ஏ.சி. நன்றாக வேலை செய்ததற்காக.

முதலில் நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. அக்காவுக்கு இருந்தது ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வளர்கிற, கேன்சர் இல்லாத கட்டி. அது இல்லாத வீடு எது, இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். இடம்தான் விசேஷம். பொதுவாக ஃபைப்ராய்டு கர்ப்பப்பைச் சுவரில் வரும், உள்பக்கம் தள்ளினால் உதிரப்போக்கு, வெளிப்பக்கம் வளர்ந்தால் வயிற்றில் கனம். அக்காவுக்குக் கர்ப்பப்பைக்குப் பக்கவாட்டில், அகன்ற தசைநார் என்று பாடப்புத்தகத் தமிழில் சொல்கிற இடத்தில் வளர்ந்திருந்தது. பெயரில்தான் தசைநார், நிஜத்தில் அது ஒரு மடிப்பு. கொடியில் வேட்டியைப் போட்டால் இரண்டு பக்கமும் தொங்குமே, அதுபோல வயிற்றின் உள்சவ்வு கர்ப்பப்பை மேலும் கருக்குழாய்கள் மேலும் போர்த்தி இரண்டு பக்கமும் இடுப்புச் சுவர் வரைக்கும் போகிறது. அந்த மடிப்பின் இரண்டு அடுக்குக்கு நடுவில் கட்டி உட்கார்ந்துவிட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை, சத்தமே இல்லாமல் வளரும். ஃபைப்ராய்டு வருகிறவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இந்த இடத்தில் வருமாம். அந்த ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள்.

மாதவிலக்கில் ஒரு கோளாறும் இல்லை. அதனால் இது கர்ப்பப்பை சமாச்சாரம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. இடது விலாவுக்குக் கீழே வலி, அடிக்கடி பாத்ரூம், மலச்சிக்கல், கொஞ்சம் தொப்பை. நாற்பத்தேழு வயசில் இதெல்லாம் யாருக்குத்தான் இல்லை என்று அருப்புக்கோட்டையில் இருந்தபடி வாயு மாத்திரையும் வெந்தயமுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக ஸ்கேன் எடுத்ததும் ரிப்போர்ட்டில் இரண்டு வரி: இடது ஓவரி (சினைப்பை) பக்கம் 14 சென்டிமீட்டர் கட்டி, இடது கிட்னியில் வீக்கம். கூடவே சி.ஏ. 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை. 35க்குள் இருக்க வேண்டியது அறுபதைத் தாண்டி இருந்தது. அவ்வளவுதான், அத்தான் கூகுளில் தேடிவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. (சி.ஏ. 125 கேன்சரில் மட்டும் ஏறுகிற ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஃபைப்ராய்டுக்கும் ஏறும், கர்ப்பப்பையின் உள்படலம் போன்றது வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸுக்கும் ஏறும், மாதவிலக்கு நாளில் எடுத்தால்கூட ஏறும். இதை லேப் ரிப்போர்ட்டுக்குக் கீழே ஒரு வரி அச்சடித்தால் குறைந்தா போய்விடும்?)

முதலில் பார்த்த டாக்டர் மதுரை டாக்டர் இல்லை, ஊர்ப்பக்கம் ஒரு கிளினிக். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு "வயசாச்சு, பிள்ளைகள் பெரிசாயாச்சு, கர்ப்பப்பை ஓவரி எல்லாத்தையும் மொத்தமா எடுத்திடலாம், நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க" என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏன் எடுக்க வேண்டும், கிட்னி ஏன் வீங்கியிருக்கிறது, இரண்டு ஓவரியும் எதற்கு, எதற்கும் பதில் இல்லை. இவர் ஒருவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நாடு முழுக்க இப்படித்தான் நடக்கிறது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த கதை 2019இல் பேப்பரில் வந்ததே, நினைவிருக்கலாம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்தார்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் 2013இல் போட்ட வழக்கில் 2023 ஏப்ரலில்தான் தீர்ப்பு வந்தது, மத்திய அரசு தயாரித்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலமும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று. இந்த ஆபரேஷன்களில் மூன்றில் இரண்டு பங்கு நடப்பது தனியார் ஆஸ்பத்திரிகளில். அக்காவுக்கு நிஜமாகவே எடுக்க வேண்டிய நோய்தான் இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் நிஜமாக எடுக்க வேண்டியவளிடமும் அவசியமே இல்லாதவளிடமும் ஒரே ஐந்து நிமிஷப் பேச்சுதான் பேசுகிறார்கள் என்றால், கேட்கிறவளுக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

அதனால் மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பெரிய பகுதி ஆபரேஷனுக்கு முன்னால் நடந்த பேச்சுக்குத்தான்.

ஓ.பி. டோக்கன் போட்டு உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும், அதற்குத் தயாராகப் போங்கள். நாற்காலி போதாது, தண்ணீர் மிஷின் இருக்கும் டம்ளர் இருக்காது, டி.வி.யில் யாருக்கும் வேண்டாத சேனல். ஆனால் உள்ளே போனபிறகு டாக்டரம்மா அவசரப்படவில்லை. முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அக்காவைப் படுக்க வைத்துக் கையால் பார்த்தார். பிறகு எம்.ஆர்.ஐ. எழுதினார். "இது ஓவரி கட்டியா, ஃபைப்ராய்டா என்று தெரியாமல் கத்தி வைக்கக் கூடாதுமா, ரெண்டுக்கும் ஆபரேஷனே வேற மாதிரி" என்றார். பணம் பிடுங்கத்தான் இன்னொரு ஸ்கேன் என்று அத்தான் வெளியே வந்து முணுமுணுத்தார். எம்.ஆர்.ஐ.யில் இரண்டு ஓவரியும் நல்லபடி தனியாகத் தெரிந்தன, கட்டி மடிப்புக்குள் இருந்தது. இந்த இடத்து ஃபைப்ராய்டு சாதாரண ஸ்கேனில் ஓவரி கட்டி போலவே தெரிவது ரொம்பச் சகஜமாம், அதிலும் கட்டி நடுவில் இளகித் தண்ணீர் கோத்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அத்தான் அன்றைக்கு ராத்திரி நாலு இட்லி சாப்பிட்டார்.

அப்புறம் டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் படம் போட்டார். கிட்னியில் இருந்து சிறுநீர்ப்பைக்கு வருகிற குழாய் 25 சென்டிமீட்டர் நீளம், அது கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் வரும்போது இடைவெளி இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது, கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அதன் மேலே குறுக்கே தாண்டிப் போகிறது. சாதாரண கர்ப்பப்பை ஆபரேஷனிலேயே டாக்டர்கள் பயப்படுகிற இடம் இதுதான். அக்காவுக்கு அந்த இடத்தில் 14 சென்டிமீட்டர் கட்டி. கட்டி மடிப்புக்குள்ளேயே பிறந்ததாக இருந்தால் சிறுநீர்க்குழாய் அதற்கு உள்பக்கம் இருக்கும், கர்ப்பப்பையில் பிறந்து மடிப்புக்குள் புகுந்ததாக இருந்தால் வெளிப்பக்கம் தள்ளிவிட்டிருக்கும், எங்கே போயிருக்கிறது என்று திறந்து பார்த்துத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எதையும் வெட்ட வேண்டும், அதனால் முதலிலேயே யூராலஜி டாக்டர் அந்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய ட்யூப் போட்டுவிடுவார், கைக்குத் தட்டுப்படும், கிட்னி வீக்கமும் வடியும் என்று விளக்கினார். இதையெல்லாம் அவர் சொன்னது அக்காவிடம். அத்தான் நடுவில் நடுவில் "செலவு எவ்வளவு ஆகும் மேடம்" என்று கேட்டபோது "அதைக் கீழே கேளுங்க சார்" என்றுவிட்டு மறுபடி அக்கா பக்கம் திரும்பினார். இதற்கே நான் அரை மார்க் கூடப் போடுவேன்.

கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட முடியாதா என்று நான் கேட்டேன். முடியும், வயசு குறைந்த பெண்ணாக இருந்தால், குழந்தை வேண்டுமென்றால் அப்படித்தான் முயற்சி செய்வேன் என்றார். அக்காவுக்குக் கர்ப்பப்பைச் சுவரிலும் சின்னதும் பெரிசுமாகக் கட்டிகள், அந்தப் பக்கத்து ரத்தக்குழாயை எப்படியும் கட்ட வேண்டியிருக்கும், கட்டியை மட்டும் எடுத்தால் ரத்தப்போக்கு அதிகம், திரும்பவும் வளரலாம். முடிவு உங்களுடையது, ஒரு வாரம் யோசியுங்கள், கிட்னி இன்னும் அதிகமாக வீங்காமல் இருக்க அதற்கு மேல் தள்ளாதீர்கள் என்றார். ஓவரிகளை விட்டுவிடலாம் என்றும் அவரே சொன்னார். மாதவிலக்கு நிற்காத வயசில் காரணம் இல்லாமல் இரண்டு ஓவரியையும் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ், எலும்பும் இதயமும் பின்னால் கணக்குக் கேட்கும். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுத்துவிடுவார்களாம், ஓவரி கேன்சர் என்று நாம் சொல்வதில் ஒரு பெரிய பகுதி கருக்குழாயின் நுனியில்தான் ஆரம்பிக்கிறது என்று இப்போது தெரிந்திருப்பதால். ஊர்ப்பக்கத்து ஐந்து நிமிஷத்தில் இது எதுவுமே இல்லை.

இன்னொரு கேள்வி எங்கள் மதினிமார் எல்லோரும் போனில் கேட்டது: ஏன் கீஹோல் இல்லை? பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு மூணு ஓட்டை போட்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே? கீஹோல் என்கிற லேப்ராஸ்கோப்பியில் இந்த மாதிரிக் கட்டியையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இவ்வளவு பெரிசை வெளியே கொண்டுவர உள்ளேயே துண்டு துண்டாக அரைக்க வேண்டும். அதற்கு மார்சலேட்டர் என்று ஒரு மிஷின். ஃபைப்ராய்டு என்று நினைத்து எடுப்பதில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு உள்ளே சார்கோமா என்ற கேன்சர் ஒளிந்திருக்கலாம், அரைத்தால் வயிறு முழுக்கப் பரவிவிடும் என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரித்தது, அந்த வருஷமே ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் மிஷினைச் சந்தையில் இருந்து திரும்பப் பெற்றது. கேன்சரே இல்லை என்றாலும் சிதறிய துண்டு எங்காவது ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் புதுக் கட்டியாக முளைப்பதும் அபூர்வமாக உண்டு. இப்போது பைக்குள் போட்டு அரைக்கிறார்கள், அதனால் லேப்ராஸ்கோப்பியே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் டாக்டரம்மா "எனக்கு இதில் திறந்து செய்வதுதான் கை வரும், ஓட்டை வழியாகத்தான் வேண்டுமென்றால் நல்லாச் செய்கிற இன்னொருத்தரிடம் அனுப்புகிறேன்" என்றார். தனக்கு எது வரும், எது வராது என்று வாயைத் திறந்து சொல்கிற டாக்டரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, இவ்வளவு நல்ல பேச்சுக்கு அப்புறம் கையெழுத்துக்கு வருவோம். முதல்நாள் அட்மிஷன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு சிஸ்டர் ஃபாரம் கட்டோடு வந்து "இங்க, இங்க, இங்க" என்று பென்சிலில் டிக் போட்டுக் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். ஆபரேஷன் பெயர் எழுதுகிற இடம் காலி. எடுக்கப்போகிற உறுப்புகள் என்ற இடமும் காலி. "டாக்டர் காலையில ஃபில் பண்ணிக்குவாங்க" என்றார். டாக்டரம்மா அவ்வளவு நேரம் படம் போட்டுச் சொன்னது ஒரு பக்கம், அதை வெறும் தாளாக்கிக் கையெழுத்து கேட்கிற ஆபீஸ் ஒரு பக்கம். தமிழ் ஃபாரம் இல்லையா என்று கேட்டதற்கு முதலில் இல்லை என்றார்கள், கொஞ்சம் சத்தமாகக் கேட்டதும் நர்ஸ் ஸ்டேஷன் டிராயரிலேயே இருந்தது. அடியில் இருந்ததால் ஓரமெல்லாம் மடங்கிப்போய் இருந்தது. அதில் "கர்ப்பப்பை, இரு கருக்குழாய்கள்" என்று எழுதி, "சினைப்பைகள் எடுக்கப்படாது, நோய் இருப்பது உறுதியானால் மட்டும் இடது சினைப்பை" என்று டூட்டி டாக்டரை எழுத வைத்த பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டாள். நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள், அதற்கும் மறுத்தேன்.

இதில் நான் அடம்பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. சமீரா கோலி வழக்கு என்று உச்ச நீதிமன்றத்தில் 2008இல் தீர்ப்பு வந்தது. நாற்பத்து நாலு வயசுப் பெண், வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப் விட்டுப் பார்க்கச் சம்மதித்து மயக்கத்தில் இருக்கிறார். உதவி டாக்டர் வெளியே வந்து அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்க, டாக்டர் கர்ப்பப்பை, ஓவரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, நோயாளி வயது வந்தவர், சுயநினைவு திரும்பினால் தானே முடிவு சொல்லக்கூடியவர், அவருக்குப் பதிலாக அம்மாவின் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. டாக்டருக்கு ஃபீஸும் கிடையாது, அதோடு 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒரு கர்ப்பப்பைக்கும் இரண்டு ஓவரிக்கும் 25,000 என்பது எனக்கு இன்னும் சிரிப்பும் எரிச்சலுமாக வருகிறது, ஆனால் சட்டம் என்ன என்பது அந்தத் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ராத்திரி ஒன்பது மணிக்குக் காலி ஃபாரத்தை நீட்டினால் என்ன செய்வது? தாளுக்கு ஐந்தில் ஒன்றரை.

தியேட்டரைப் பற்றி வெளியே உட்கார்ந்திருந்தவள் என்ன எழுத முடியும். முதுகில் ஊசியும் சேர்த்து முழு மயக்கம். முதல்நாளே மயக்க மருந்து டாக்டர் ரூமுக்கே வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ஆட்டம் காண்கிற பல் இருக்கிறதா, பிரஷர் மாத்திரை எது, போன தடவை மயக்கத்தில் வாந்தி வந்ததா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு பாட்டில் ரத்தம் ரெடி செய்யச் சொன்னார்கள், ஒன்றுதான் ஏற்றினார்கள். கட்டி பெரிது என்பதால் தொப்புளுக்குக் கீழே நேர்க்கோட்டில் கிழித்தார்கள், அடிவயிற்றில் குறுக்கே போடுகிற வழக்கமான பிகினி வெட்டு இல்லை. நடுவில் டாக்டரம்மா ஒரு தடவை வெளியே வந்து, சிறுநீர்க்குழாய் கட்டிக்கு உள்பக்கம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை, ஓவரிகள் நல்லா இருக்கின்றன, விட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முடிந்ததும் எடுத்ததை ஒரு கிண்ணத்தில் காட்டினார்கள், இந்தப் பழக்கம் நல்லதா கெட்டதா தெரியவில்லை, அத்தானுக்குத் தலை சுற்றிவிட்டது.

வார்டில் நைட் சிஸ்டர்கள் பிரமாதம். கேட்காமலேயே யூரின் பையைப் பார்த்து அளவு குறித்தார்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க ஊசியும் சாக்ஸும் நேரத்துக்கு, மறுநாள் காலையிலேயே "எந்திரிங்க அக்கா, நாலு எட்டு நடங்க" என்று பிடித்து நிறுத்தினார்கள். அக்கா அவர்களைத் திட்டாத திட்டு இல்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே நடக்க வைத்தார்கள். பகல் ஷிப்ட் அந்த அளவுக்கு இல்லை, பெல் அடித்தால் யாராவது வருவதற்குள் நாமே போய்க் கூப்பிட்டு வந்துவிடலாம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. வயிற்றில் இவ்வளவு நீளத் தையலோடு வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவதற்கு ஒரு கம்பி வைக்கத் தோன்றாத பெண்கள் ஆஸ்பத்திரி! கேன்டீன் ரசம் சாதம் நல்லா இருக்கும், பொங்கல் வேண்டாம்.

முதலில் கிடைத்தது இரண்டு கட்டில் ரூம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி. கடுமையான வயிற்றுவலியோடு வந்தவருக்குக் குடல் ஓட்டை என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். பார்த்தால் கர்ப்பப்பைக்குள் சீழ் கட்டி அது வெடித்திருந்ததாம். வயசான பிறகு கர்ப்பப்பை வாய் சுருங்கி மூடிக்கொண்டால் உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் சீழ் பிடிக்கும், அது வெடிப்பது ரொம்ப அபூர்வம். பாட்டிக்கும் கர்ப்பப்பையை எடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். அடுத்த ஃப்ளோரில் ஒரு சின்னப் பெண்ணுக்கு மூணாவது சிசேரியனில் நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் வேர் விட்டுப் பிரியாமல் நின்றுவிட்டது, பிய்த்தால் ரத்தம் நிற்காது என்பதால் குழந்தையை எடுத்த கையோடு நஞ்சைத் தொடாமல் கர்ப்பப்பையோடு எடுத்தார்கள். சொந்தக்காரப் பையன்கள் எல்லாம் ரத்தம் கொடுக்க வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்தக் கணக்கைப் பார்த்தால் இது ரொம்ப நாளைக்கு அபூர்வமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கேஸிலும் அந்த ஆஸ்பத்திரி நின்று சமாளித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி இன்ஷூரன்ஸ் கவுண்டர். இங்கே நான் பொறுமையை இழந்தேன்.

மூன்று விஷயம் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள், அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். கேன்சர் இல்லாத கட்டி, கர்ப்பப்பை நீக்கம் இதற்கெல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் முதல் இரண்டு வருஷம் காத்திருப்பு உண்டு. அக்காவுடையது பழைய பாலிசி என்பதால் தப்பித்தோம். இரண்டாவது ரூம் வாடகை. பாலிசியில் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருந்து, நாம் அதற்கு மேல் ரூம் எடுத்தால் கூடுதல் வாடகையை மட்டும் கழிக்க மாட்டார்கள், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் கழிப்பார்கள். இரண்டு கட்டில் ரூமில் இருந்து தனி ரூமுக்கு "காலியா இருக்கு, மாறிக்கோங்க மேடம்" என்று அன்பாகக் கேட்டது இதே கவுண்டர்தான். சிஸ்டர் ஒருவர் காதோடு காதாகச் சொல்லியிருக்காவிட்டால் பெரிய தொகை கைவிட்டுப் போயிருக்கும். மூன்றாவது டிஸ்சார்ஜ். காப்பீட்டு ஆணையம் 2024இல் போட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் முன் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம்தான் அவகாசம், அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாக வாடகை போட்டால் அதைக் கம்பெனிதான் தர வேண்டும். காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் நாங்கள் கிளம்பியது விளக்கு வைத்த பிறகு. கம்பெனி தாமதம் செய்கிறது என்று கவுண்டர் சொன்னது. கம்பெனிக்குப் போன் போட்டால் ஆஸ்பத்திரியில் இருந்து ஃபைனல் பில்லே வரவில்லை என்கிறார்கள். நான் சுற்றறிக்கையை மொபைலில் காட்டியதும் அந்தத் தம்பி ஏதோ நான் அவருடைய ஜாதகத்தைக் காட்டியது போல முழித்தார். பில் அனுப்பியது அதற்கப்புறம்தான். மொத்தம் இரண்டு லட்சத்தை ஒட்டி வந்தது, கிளவுஸ், காட்டன், அட்மிஷன் கிட் என்று கம்பெனி தராத ஐட்டங்களுக்குக் கைக்காசு சில ஆயிரம்.

டிஸ்சார்ஜ் சம்மரி நன்றாக எழுதியிருந்தார்கள். எதை எடுத்தோம், எதை விட்டோம், குழாய் எங்கே இருந்தது, ஸ்டென்ட் போட்ட தேதி எல்லாம் இருந்தது. எந்த ஆஸ்பத்திரியானாலும் இதை மட்டும் கேட்டு வாங்குங்கள். பத்து வருஷம் கழித்து வேறு வயிற்றுவலி என்று போனால் ஓவரி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத பெண்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர். எப்போது ஓடிவர வேண்டும் என்றும் தமிழில் தனிச்சீட்டு கொடுத்தார்கள்: காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குவது, நிற்காத உதிரப்போக்கு, தண்ணீர் போலத் தானாகக் கசிவது. கடைசியாகச் சொன்னதை வெள்ளைப்படுதல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், சிறுநீர்க்குழாயிலோ பையிலோ ஓட்டை விழுந்ததற்கு அதுதான் அடையாளமாக இருக்கும். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. அத்தான் அந்த ஆறு வாரத்தில் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார், உப்பு இன்னும் கைகூடவில்லை.

வயிற்றுக்குக் கட்டுகிற பெல்ட்டை ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். அதே சாமான் வெளிக்கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது. இருமும்போதும் எழும்போதும் தாங்கலாக இருக்கிறது, அதற்கு மட்டும் போட்டால் போதும். நாள் முழுக்க இறுக்கிக் கட்டினால் தொப்பை குறையும் என்பது மதினிமாரின் மருத்துவம்.

பயாப்ஸி ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள், போன் செய்து சொல்வோம் என்றார்கள், யாரும் செய்யவில்லை. நாங்களே போய் வாங்கினோம். சாதாரண ஃபைப்ராய்டுதான், கேன்சர் அணு எதுவும் இல்லை. வீட்டில் அந்த ஒரு வரிக்காகக் கும்பிட்ட சாமிகளுக்கெல்லாம் இன்னும் நேர்த்திக்கடன் பாக்கி. கிட்னி வீக்கமும் அடுத்த ஸ்கேனில் நன்றாகக் குறைந்திருந்தது.

ஸ்டென்ட் விஷயத்துக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. உள்ளே போட்டதைச் சில வாரத்தில் எடுத்தாக வேண்டும். மறந்து மாதக்கணக்கில் விட்டால் அதன் மேல் உப்புப் படிந்து கல்லாகி, எடுக்க இன்னொரு ஆபரேஷன் ஆகிவிடும். இந்த ஆஸ்பத்திரியின் யூராலஜி பிரிவில் அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள், தேதி நெருங்கியதும் அக்காவுக்கே போன் வந்தது, ஃபைலின் மேல் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்கள். பயாப்ஸிக்கும் இதே நோட்டை வைத்தால் என்ன என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எடுப்பது கொஞ்ச நேர வேலை, மரத்துப்போகிற ஜெல் போட்டு அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அதற்குத் தனி பில், ஆபரேஷன் பேக்கேஜில் சேராது, அட்மிஷன் இல்லாததால் எங்கள் பாலிசியிலும் வரவில்லை. எஸ்டிமேட் கேட்கிற அன்றைக்கே ஸ்டென்ட் எடுக்கிற செலவையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். யூராலஜி ஓ.பி. சாயங்காலம்தான், காலையில் போய் உட்கார வேண்டாம்.